கொட்டிலும் வீடும்

கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்தால் அலவத்துகொட வரும். மிளகுக் கொடியும் கராம்பு மரமும் செழித்த சரிவுகள் தெருவின் இருமருங்கிலும் எழுந்து நிற்கின்றன. அச்சரிவுகளை உற்று நோக்குபவர் ஒரு காட்சியை மீண்டும் மீண்டும் காண்பர். பூசப்படாத புளொக் கற்சுவர். தூண்களின் உச்சியில் வானை நோக்கி நீட்டி நிற்கும் துருவேறிய கம்பிகள். அதனருகே பழைய பலகையும் தகரமும் கொண்டு அடித்த ஒரு கொட்டில். கொட்டிலின் முன்னே கொடியில் ஒரு பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருக்கும். வீடு கட்டி முடியும்வரை குடும்பம் குடியிருக்கும் இடம் அது.

செல்வம் மிகுந்த அமெரிக்கா போன்ற நாடுகளில் இதே காரியத்துக்குச் சக்கரம் பூட்டிய வீடொன்றை, டிரெய்லர் என்பது அதன் பெயர், மோட்டார் வண்டியிற் பூட்டி இழுத்து வந்து காணியில் நிறுத்துகிறார்கள். தண்ணீரும் மின்சாரமும் அதற்கு இணைக்கப்படுகின்றன. புதுவீடு எழுந்ததும் டிரெய்லர் போய்விடும். நம்மவர்க்கு அதற்குத் தகரமும் தறப்பாளும். பொருள்தான் வேறு, இரண்டின் பின்னும் நிற்கும் நினைப்பு ஒன்றே: “கொஞ்சக் காலந்தானே!”

இந்தக் “கொஞ்சக் கால”த்தைப் பற்றிச் சற்றுச் சிந்திக்க விரும்புகின்றோம். நாளைய வீட்டுக்காக இன்றைய வாழ்வைக் குறைத்துக்கொள் என்று ஒருவன் தன்னைத் தானே கேட்கலாம். பிறரை அவ்வாறு கேட்க அவனுக்கு உரிமை உண்டா? உண்டெனில் எவ்வளவு காலத்துக்கு? இது கட்டடக் கலைஞர்க்கு மட்டும் உரிய கேள்வியன்று.

நாமறிந்த ஒரு குடும்பத்தின் கதையை இங்கே கூறுதல் பொருந்தும். குடும்பத் தலைவர் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் கடையொன்றிற் கணக்கெழுதுபவர். அவருடைய பாட்டனார் தோட்டத்து லயத்திற் பிறந்து லயத்திலேயே மடிந்தவர். தந்தையார் லயத்தை விட்டு வெளியேறி, வாடகை வீடுகளிற் காலங் கழித்தவர். சொந்தக் காணி என ஒன்று, பன்னிரண்டு பேர்ச், இவர் காலத்தில்தான் அக்குடும்பத்துக்கு வாய்த்தது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அத்திவாரம் வெட்டினார்கள். வாடகையும் கொடுத்து வீடும் கட்ட அவருடைய சம்பளம் இடங்கொடாது. ஆகவே வாடகை வீட்டை விட்டுவிட்டு, அந்தப் பணத்தையும் சுவராக மாற்றுவதெனக் கணவனும் மனைவியும் முடிவு செய்தனர். காணியின் ஓரத்திற் பத்தடிக்குப் பதினாறடியில் ஒரு கொட்டில் எழுந்தது. ஒரு மூலையில் அடுப்பு, எதிர்மூலையிற் படுக்கை, நடுவே ஒரு சேலைத் திரை. எட்டு மாதம் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

பின்னர் நடந்தது நாடறிந்த கதை. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் விற்ற ஐம்பது கிலோ சீமெந்து மூடை, 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மூவாயிரம் ரூபாவை அண்மித்தது. கம்பியும் ஓடும் மின்கம்பியும் அதனோடு போட்டியிட்டு ஏறின. 2022 ஏப்ரிலில் அரசாங்கம் தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட இயலாதென அறிவித்தது. கடைக் கணக்கரின் கடனை யாரும் நிறுத்தி வைக்கவில்லை. சுவர் இடுப்பளவில் நின்றது நின்றபடியே இருந்தது. அதன்மேற் பாசி படர்ந்தது. எட்டு மாதம் ஐந்து ஆண்டாயிற்று. 2025 செப்டெம்பரில், பின்பக்கக் கதவுகூட இல்லாத நிலையில், பால் காய்ச்சிக் குடிபுகுந்தார்கள்.

அவ்வம்மையார் நம்மிடம் கூறிய ஒரு வார்த்தையை மறக்க இயலவில்லை.

“மழைக்கு ஒழுகுறது, குளிரு, அதெல்லாம் பெரிசில்லைங்க. யாராவது வாசலுக்கு வந்தா, ‘வீடு கட்டிக்கிட்டிருக்கோம், அதான் இப்படி இருக்கோம்’னு முதப் பேச்சா அதைச் சொல்லணும். அஞ்சு வருஷமும் அதையே சொல்லிக்கிட்டிருந்தேன்.”

தகரத்தின் வெப்பத்தையும் தரையின் ஈரத்தையும் நாம் கண்ணாற் காணலாம். வருவோர் போவோர்க்கெல்லாம் தன் வாழ்வுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய இந்த நிலையை எந்தப் பொறியியலாளரும் அளந்து குறிக்க மாட்டார்.

எனினும் இக்குடும்பத்தின் துன்பத்துக்கு ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுக்கவொண்ணாது. காணி அவர்களுடையது. கொட்டிலில் இருப்பதெனத் தீர்மானித்தவர்கள் அவர்களே. சுவர் வளர்ந்ததா, நின்றுவிட்டதா என்பதைக் கொட்டிலின் வாசலில் நின்றே அவர்கள் நாள்தோறும் பார்த்தனர். நினைத்தால் வீட்டின் அளவைக் குறைத்திருக்கலாம். ஓர் அறையை மட்டும் கூரையிட்டுக் குடிபுகுந்திருக்கலாம். விற்றுவிட்டு மீண்டும் வாடகைக்குப் போயிருக்கலாம். வழிகள் எல்லாம் கசந்தவை. ஆயினும் அவர்கள் கையில் இருந்தவை.

அவர்கள் என்று நாம் எழுதிவிட்டோம். அந்த “அவர்க”ளுள் மகள் அடங்குவாளா?

கொட்டிலுக்குள் வந்தபோது அச்சிறுமி முதலாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கவிருந்தாள். கொட்டிலை விட்டு நீங்கியபோது ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசிற் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். கொட்டிலின் நடுக் கம்பத்தில் அவளுடைய உயரத்தைத் தந்தையார் ஆண்டுக்கொருமுறை தச்சன் பென்சிலாற் குறித்து வந்திருந்தார், ஐந்து கோடுகள். பெற்றோர்க்கு அது காத்திருந்த காலம். வீடு வந்தபின் தொடங்குவோம் என்று அவர்கள் பலவற்றை ஒத்திவைத்தனர்: நல்ல அலுமாரி, உறவினருக்கு விருந்து, கோயில் நேர்த்தி. மகளோ வளர்ச்சியை ஒத்திவைக்கவில்லை. அவளுக்கு அது வேறொன்றுக்கான முன்னுரையன்று. அவளுடைய பால பருவமே அதுதான். முதியோர்க்கும் இஃது பொருந்தும். புதுவீட்டின் நிலைக்கதவைக் காணாமலே கொட்டிலிற் கண்மூடிய கிழவர் கிழவியரை இத்தெரு நெடுகிலும் விசாரித்தால் அறியலாம். ஆயுளின் நடுவில் நிற்போர்தாம் “கொஞ்சக் காலம்” என்பார்கள். ஆயுளின் இரு முனைகளிலும் நிற்போர்க்கு அத்தகைய காலம் கிடையாது.

இதனால் அத்தந்தையை நாம் குற்றஞ்சாட்டுகின்றோம் அல்லோம். மகளுக்காகவே அவர் அந்த வீட்டைக் கட்டினார். ஆயினும் அன்பினாற் செய்யப்படும் தியாகத்திற்கூட, கேட்கப்படாமலே பங்கு கொடுப்பவர் ஒருவர் இருக்கின்றார். ஒரு குடும்பத்துக்குள்ளேயே இக்கேள்வி இவ்வளவு சங்கடம் தருமாயின், கொட்டிலைத் தீர்மானிப்பவன் ஒருவனும் அதிற் குடியிருப்பவன் வேறொருவனுமாக இருக்குமிடத்தில் என்ன சொல்வது?

நிற்க. இதே தெருவின் பழைய கதைக்கு வருவோம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிற் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டப்பட்டபோது, அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளையையும் மாத்தளையையும் கடந்து கால்நடையாகக் கண்டி மலைகளுக்கு வந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியில் விழுந்தோர் பலர். மாத்தளைக்கும் கண்டிக்கும் இடைப்பட்ட இந்தக் கணவாய்களை அவர்களுடைய பாதங்கள் அறியும். காப்பி பருவகாலப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்கு வந்தோர் ஊர் திரும்பினர், மீண்டும் வந்தனர். சில மாதங்கள் தங்கிப் போகிறவனுக்கு வீடு எதற்கு? வரிசையாகச் சில அறைகள் போதும் என்று தோட்டத் துரைமார் எண்ணினர். பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரு கதவு, முன்னே ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு. லயன் என்று அவர்கள் சொன்னது நம் மக்கள் வாயில் லயம் ஆயிற்று. அதன் அறை காம்பரா ஆயிற்று.

1869இல் இலைநோய் வந்தது. அடுத்த இரு பத்தாண்டுகளிற் காப்பி அழிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்பவர் கண்டிச் சீமையின் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டிருந்தார். தேயிலைக்குப் பருவமில்லை, ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். வந்தவன் திரும்ப வேண்டியதில்லை, திரும்பவும் விடக்கூடாது. பெண்ணும் வேண்டும், பிள்ளையும் வேண்டும். ஆக, உழைப்பு நிரந்தரமாயிற்று. உழைப்பவனின் உறையுள் மட்டும் நிரந்தரமாகவில்லை. கல்லும் சாந்தும் தகரமும் வந்தன. அறையின் அளவும், அதன் பின்னிருந்த நினைப்பும் மாறவில்லை. அன்று சில மாதங்களுக்கென அடித்த கொட்டிலின் பேரப்பிள்ளைதான் இன்றும் மலைச்சரிவுகளில் நிற்கும் லயம்.

வீட்டைத் தற்காலிகமாக்கியவர்கள் பின்னர் மனிதரையும் தற்காலிகமாக்கினர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் “பின்னர்ப் பேசுவோம்” என்று வைத்தனர். அந்தப் “பின்னர்” வருவதற்குப் பத்தாண்டு, 1974 வரை, சென்றது. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றபோது, கையில் இந்தியக் கடவுச்சீட்டும் காலடியிற் கட்டிய பெட்டியுமாகக் காம்பராக்களில் எஞ்சிக் கிடந்தோர் ஆயிரக்கணக்கானோர். கட்டிய பெட்டியை அவிழ்ப்பதா, வேண்டாமா? 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை சில குடும்பங்களுக்கு விடை கிடைக்கவில்லை.

கடைக் கணக்கரின் கொட்டிலையும் இந்த லயத்தையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பலகையிலும் தகரத்திலும் லயம் சற்று உறுதியானதென்றே சொல்ல வேண்டும். கொட்டிலின் அருகே அத்திவாரம் இருந்தது. லயத்தின் அருகே தேயிலைச் செடி இருந்தது. அவ்வளவுதான் வேறுபாடு, ஆனால் அதுவே முழு வேறுபாடும் ஆகும்.

இவ்விடத்தில் ஒரு வாதத்தை நாம் எதிர்கொண்டாக வேண்டும். அனர்த்தக் காலங்களில் அதிகாரிகளிடமும், ஏன், நல்லெண்ணம் படைத்த நம் நண்பர் சிலரிடமும் இதைக் கேட்டிருக்கின்றோம். “தற்காலிகக் குடிலை வசதியாகக் கட்டிக் கொடுத்தால் மக்கள் அதிலேயே தங்கிவிடுவார்கள். சற்று அசௌகரியமாக இருந்தாற்றான் வீட்டைக் கட்டிக்கொண்டு விரைவிற் போவார்கள்” என்பது அவ்வாதம். கேட்பதற்கு விவேகம் போலத் தோன்றும். உலகம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கின்றது.

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் வீடிழந்தோர்க்காகப் பிரித்தானியாவில் 1944இல் ஒரு சட்டம் இயற்றி, தொழிற்சாலையிற் செய்து தளத்திற் பொருத்தும் தற்காலிக வீடுகள் ஏறத்தாழ 1,56,000 கட்டினார்கள். அவற்றின் ஆயுள் பத்தாண்டு எனக் கணக்கிட்டனர். ஆனால் நன்றாகக் கட்டினார்கள்: உள்ளேயே குளியலறை, ஒழுங்கான சமையலறை, அக்காலத்தில் நடுத்தர வகுப்பாரிடமே அரிதாயிருந்த குளிர்சாதனப் பெட்டி, சுற்றிலும் சிறு தோட்டம். உழைப்பாளிக் குடும்பங்கள் அவற்றை நேசித்தன. தெற்கு லண்டனில் 187 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு அறுபதாண்டுக்கு மேல் நிலைத்தது. இடிக்க வந்தபோது குடியிருந்தோர் பலர் எதிர்த்து நின்றனர். 2009இல் அவற்றுள் ஆறு வீடுகள் பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களென அறிவிக்கப்பட்டன.

இனி மறுபக்கம். 2005 ஓகஸ்டில் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஒர்லியன்ஸ் நகரையும் அதைச் சூழ்ந்த கரையையும் அழித்தபின், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை அரசாங்கம் டிரெய்லர்களிற் குடியேற்றியது. அவசரமாகச் செய்த அவற்றின் ஒட்டுப் பலகைகளிலிருந்து போமல்டிகைட்டு என்னும் நச்சாவி கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் குழந்தைகளைப் பீடித்தன. அசௌகரியம் மக்களை விரைவில் வெளியேற்றும் என்பது உண்மையாயின், அந்த டிரெய்லர்கள் ஓராண்டிற் காலியாகியிருக்க வேண்டும். நியூ ஒர்லியன்ஸ் நகரிலிருந்து கடைசி டிரெய்லர் அகன்றது 2012இல்.

நல்லதும் நீடித்தது, கெட்டதும் நீடித்தது. இரண்டினும் கெட்டதாகிய நம் லயம் நூற்றைம்பது ஆண்டு நீடித்தது. ஆகவே குடிலின் தரம் அதன் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. ஆயுளைத் தீர்மானிப்பது வேறொன்று: காணி யாருடையது, பணம் யாரிடம், தாமதத்தால் நட்டப்படுபவர் யார் என்பவை. ஒழுகும் கூரை யாரை அவசரப்படுத்தும்? கீழே படுத்திருப்பவனை அவசரப்படுத்தும். அவன் கையிலோ கோப்பு இல்லை. கோப்பை வைத்திருப்பவரின் கூரை ஒழுகுவதில்லை. அசௌகரியத்தைச் சாட்டையாகக் கொள்வோர், வண்டியில் அமர்ந்திருப்பவனை அடித்து மாடு ஓடும் என்று எதிர்பார்க்கின்றனர்.

இவ்வாதத்தின் மறுபுறம் உள்ள அச்சத்தை மட்டும் நாம் எளிதிற் தள்ளிவிட மாட்டோம். தகுந்த குடில் கிடைத்தவுடன் “இவர்களுக்கு ஏற்பாடு செய்தாயிற்று” என்று கோப்பு மூடப்படும் என்ற அச்சம் தோட்டத் தொழிற்சங்கக்காரரிடம் உண்டு. அஃது அனுபவத்தின் அச்சம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. தப்பியவர்களைப் பள்ளிக்கூடங்களிலும், பின்னர் மாக்கல்தெனியவில் இயங்காதிருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைத்தனர். பூணாகலையில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். ஏறத்தாழ ஈராண்டு. முன்பு கொழுந்து வாடவைத்த மாடத்திலே சேலைகளாற் பிரித்த மறைவுகளில் மனிதர் சமைத்து, உறங்கி, பிள்ளை வளர்த்தனர். தங்குமிடம் என்ற நிரலில் அடையாளம் விழுந்தபின், நாட்களை எண்ணியோர் அவர்கள் மட்டுமே.

அச்சம் உண்மை, ஆயினும் அதற்கு மருந்து ஒழுகும் கூரையன்று. குடிலைக் கொடுக்கும் கை அதே நாளில் வேறொரு தாளையும் கொடுக்கட்டும். வீடு எந்தக் காணியில், எத்தனை பேர்ச், யார் பெயரில், எந்தத் திகதிக்குள் என்பதும், அத்திகதி தவறினால் யார் பொறுப்பு என்பதும் அதில் எழுதப்படட்டும். கையில் அத்தாளில்லாதவனிடம் “கொஞ்சம் பொறு” என்று கூற யாருக்கும் உரிமையில்லை என்பது நம் கட்சி. குடிலுக்கு உள்ளிருந்து தாழிடும் கதவும், பெண்கள் இரவில் அஞ்சாது செல்லத்தக்க கழிப்பிடமும், பிள்ளை படிக்க ஒரு விளக்கும் எட்டு நாள் வாழ்வுக்கும் வேண்டும். இவற்றை எட்டு மாதத்துக்கென ஒத்திவைப்பது சிக்கனமாகாது.

இவற்றை நாம் வெறும் தத்துவமாக எழுதவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுட் கண்டியிலேயே உயிரிழப்பு மிகுதி. அலவத்துகொடச் சரிவுகளிலும் மண் இறங்கி வீடுகளை மூடியது. மண் தொடாத வீடுகளிலும் சுவர் பிளந்தது, நிலம் வெடித்தது. இனிக் குடியிருக்க ஒண்ணாதென ஆய்வாளர்கள் குறித்த இடங்கள் பல. வீடு இழந்தோர்க்கும் காணி இழந்தோர்க்கும் நட்டஈடு உண்டென அரசாங்கம் அறிவித்தது, வரவேற்கத்தக்க அறிவிப்பே. ஆனால் லயத்தான் எதை இழந்தான்? காம்பரா தோட்டத்துடையது. நிலமும் தோட்டத்துடையது. அவன் இழந்தது அவனுடையதாக இருந்ததேயில்லை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஒருவன் இழப்புப் பட்டியலிற் பெயரெழுத வரும்போது உறுதி எங்கே என்று கேட்கப்படுவானாயின், 1867இன் கணக்கு இன்னும் மூடப்படவில்லை என்பதே பொருள். மலையகத் தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் இந்திய உதவியுடன் எழுந்த சில ஆயிரம் தனிவீடுகளையும், 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் பத்தாயிரம் வீடுகளையும் நாம் அறிவோம். லயங்களின் தொகையோடு அவற்றை ஒப்பிடும் வேலையை வாசகரிடமே விடுகின்றோம்.

கடைக் கணக்கர் வீட்டுக் கொட்டில் இன்னும் பிரிக்கப்படவில்லை. டிசெம்பர் பிறந்ததும் பிரித்துப் பலகையை விறகுக்கும் தகரத்தைக் கோழிக்கூட்டுக்கும் கொள்வதென இருந்தார்கள். புயலுக்குப்பின் மேலேயுள்ள தோட்டத்து லயமொன்றிலிருந்து, அவருடைய பாட்டனார் வழியில் உறவான ஒரு குடும்பம் கீழே வந்தது: கணவன், மனைவி, ஏழு வயதில் ஒரு பையன், படுக்கையோடு படுக்கையான ஒரு பாட்டி. முகாமாயிருந்த பள்ளிக்கூடம் வகுப்புகளுக்குத் திறக்கப்படவிருந்தது. அவர்களுக்குப் போக்கிடமில்லை. கணக்கர் கொட்டிலைக் கொடுத்தார். கூரையிற் புதுத் தகரம் இரண்டு போட்டும் கொடுத்தார். வீட்டு வாசலில் நின்று கொட்டிலைப் பார்க்கும்போது அவருடைய மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை என்று நம்மிடம் கூறினார்.

நாம் கடைசியாகச் சென்றபோது பையன் அந்த நடுக் கம்பத்தருகே நின்று, ஐந்து கோடுகளுள் எது தனக்குச் சரியாக வருகிறதென்று தலையிற் கைவைத்து அளந்துகொண்டிருந்தான். மூன்றாவது கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்தான். அவனுடைய தாய் நம்மைத் திண்ணையில் இருத்தி, தேநீர் கொடுத்து, ஒரு யோசனை கேட்டார்.

“பிள்ளையை இங்க கிட்டத்துப் பள்ளிக்கூடத்துல சேத்துடலாங்களா? இல்ல, கொஞ்ச நாள்ல வீடு தந்துருவாங்க, அதுவரைக்கும் பொறுத்துப் பாப்பமாங்க?”

கணவர் நம் முகத்தைப் பார்த்தார். அலுவலகத்தில் அவருக்கு எழுத்தில் ஏதேனும் கொடுத்தார்களா என்று கேட்டோம். பெயர் பதிந்துகொண்டார்கள் என்றார். திகதி ஏதும் சொன்னார்களா என்று கேட்டோம். இல்லை என்றார். பிள்ளையை நாளைக்கே சேர்த்துவிடும்படி கூறிவிட்டு வந்தோம்.